அடிக்கொப்பை மட்டும் வெட்டச் சொன்னனான்

மாமரத்தைத் தறிக்கவேண்டாம் எண்டுதான் நானும் சொல்லுவன்.

நீங்கள் கனடாவில இருந்துகொண்டு புளியங்குளத்து வளவைப் பற்றிக் கேட்டிருந்தியள். பதினைஞ்சு வருசமா ஆரும் கை வைக்காத மரம், கொப்பெல்லாம் நிலத்தில படுத்துக் கிடக்கு, வீட்டுக்குள்ள வெளிச்சம் வருகுதில்லை, அடியோட எடுக்கிறதோ எண்டு. இந்த இணையப் பக்கத்தில நாலைஞ்சு பேர் பதில் போட்டிருக்கினம். ஒராள் தறிச்சு வித்துப்போடுங்கோ எண்டுறார். இன்னொராள் பச்சை மரத்தில கை வைக்கிறது பாவம் எண்டுறார். ரெண்டு பேரும் வாழ்க்கையில ஒரு கொப்பும் வெட்டியிருக்க மாட்டினம் எண்டு நினைக்கிறன். குறை நினைக்கவேண்டாம்.

என்ர பேர் ஸ்ரீபன். முள்ளியவளையில இருக்கிறன். மரம் அரியிறதுதான் தொழில். கிளிநொச்சிக்கு வாற நேரம் இந்தக் கொம்பியூட்டர் கடையில இருந்து ஒவ்வொரு எழுத்தாத் தேடி அடிக்கிறன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கோ.

மாமரம் இலை கொட்டி மொட்டையா நிக்கிற சாதி இல்லை. வருசம் முழுக்கப் பச்சை. அதால உள்ளுக்கு வெயில் போகாது, காத்துப் போகாது, அடிக்கொப்பு காய்க்காது, முசிறு எறும்புதான் கூடு கட்டும். ஆனால் மரத்தில பிழை இல்லை. ஆளுயரத்துக்கு மேல ஒண்டும் செய்யவேண்டாம். கீழ இருக்கிற கொப்புகளை மட்டும் எடுத்தால் காணும். வெளிச்சம் வரும், நிழலும் இருக்கும், ரெண்டாம் வருசம் காயும் நல்லா வரும். காய் பறிச்ச பிறகு, மாரிக்கு முன்னம் செய்யவேணும். ஆவணிதான் சரி.

பெரிய கொப்பை மேலால ஒரே வெட்டில வெட்டக்கூடாது. பாரத்துக்குப் பாதியில முறிஞ்சு பட்டையை அடிமரம் வரைக்கும் உரிச்சுக்கொண்டு போயிடும். முதல்ல கீழ்ப்பக்கத்தால ஒரு வெட்டு, கனத்தில மூண்டில ஒரு பங்கு. அதை நாங்கள் அடிவெட்டு எண்டுவம். பிறகு கொஞ்சம் தள்ளி மேலால. கொப்பு சுகமா விழும். கடைசியா மிஞ்சிற கட்டையை, அடிமரத்தோட சேருற இடத்தில கழுத்து மாதிரித் தடிச்சிருக்கும், அதை விட்டு வெட்டவேணும். நுனியில இருந்து கொத்திக்கொண்டு வாறது கூடாது. உள்ளுக்கை போய் அடிமரத்தடியில இருந்துதான் தொடங்கவேணும்.

இது சரியான முறை. ஆரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்லுவினம். ரெண்டு வருசத்துக்கு முன்னம் ஜமால்தீன் காக்காவுக்கும் நான் இதைத்தான் சொன்னனான்.

நீங்கள் எழுதினதில ஒரு வரி இருந்தது. உங்கட வளவில இப்ப இருக்கிற ஆள், தறிக்கவேண்டாம், அடிக்கொப்பை மட்டும் எடுப்பம், நீங்கள் வந்து நிண்டு செய்யுங்கோ எண்டு சொல்லுறாராம். அதை வாசிச்சுப்போட்டு நான் ரெண்டு கிழமை யோசிச்சன். அவர் நல்ல மனுசனாத்தான் இருப்பார். எண்டாலும் எனக்குத் தெரிஞ்சதைச் சொல்லாமல் விடக்கூடாது.

நாங்கள் முல்லைத்தீவுக் கரை ஆக்கள். நானும் முப்பது வயசு மட்டும் கடல்தான். 96ல அடிபாடு நடக்கேக்குள்ள நானும் மனுசி புனிதமலரும் கைக்குழந்தை ஆன்சலாவும் உள்ளுக்கு வந்திட்டம். எல்லாம் அடங்கினாப்போல திரும்பிப் போய்ப் பார்த்தால் எங்கட வளவைச் சுத்தி முள்ளுக்கம்பி. உள்ளுக்கை ஆர் எண்டு இஞ்ச இருக்கிற ஆக்களுக்குத் தெரியும், நான் எழுதத் தேவையில்லை. வாசல்ல நிண்ட பெடியன் மரியாதையாத்தான் கதைச்சவன். அண்ணை, இது தேவைப்படுது, நீங்கள் வேற இடம் பாருங்கோ எண்டான். எவ்வளவு காலத்துக்கு எண்டு கேட்டன். சிரிச்சான். அதுக்குப் பிறகு நான் கேக்கேல்லை. கேக்கிற மாதிரி ஆக்களும் இல்லை நாங்கள்.

வேற இடமாக் கிடைச்சது முள்ளியவளைப் பக்கம் ஒரு முஸ்லிம் வீடு. 90ல அந்த ஆக்களைப் போகச் சொன்னது, அவை போனது எல்லாம் தெரிஞ்ச கதை. வீடு சும்மா கிடந்தது. அரைவாசி ஓடு இல்லை. குசினிக்குள்ள ஆடு படுத்திருந்தது. நான் ஓடு பொறுக்கிப் போட்டன், யன்னலுக்குப் பலகை அடிச்சன், கிணத்தை இறைச்சன். கடல் இல்லாதபடியால் காட்டில மரம் அரியிற வேலைக்குப் போய் அதைப் பழகினன். ஆன்சலா அந்த வீட்டிலதான் நடக்கப் பழகினவள். ஒரு வீட்டில ஆறேழு வருசம் இருந்தால், இது ஆற்ற வீடு எண்ட கேள்வி மெல்ல மெல்ல இல்லாமல் போயிடும். கெட்ட எண்ணத்தில இல்லை. மறந்து போறதுதான்.

வீட்டுக்கு முன்னால மூண்டு மாமரம், கறுத்தக்கொழும்பான் சாதி. நீங்கள் எழுதின மாதிரித்தான். கொப்பு நிலத்தில முட்டி, திரும்ப மேல எழும்பி, கூடாரம் அடிச்ச மாதிரி. மத்தியானத்திலயும் உள்ளுக்கு இருட்டு. முழங்காலளவு சருகு.

2002ல சமாதானம் எண்டு பாதை திறந்தாங்கள். ஆடி மாசம் ஒரு நாள், படலையில ஒராள் நிக்கிறார். ஐம்பத்தைஞ்சு வயசிருக்கும், மெலிஞ்ச ஆள், தடிச்ச கண்ணாடி, கையில ஒரு பை. உள்ளுக்கு வரலாமோ தம்பி எண்டு கேட்டார். அவர்தான் ஜமால்தீன், மூத்த முஸ்லிம் ஆக்களைக் கூப்பிடுற மாதிரி நான் காக்கா எண்டுவன். அவற்ற வாப்பா கட்டின வீடு. புத்தளத்தில இருந்து ரெண்டு நாள் பஸ் ஏறி வந்தவர், சொந்தப் படலையில நிண்டு என்னட்டை அனுமதி கேட்டவர். எனக்கு அது பிடிக்கேல்லை. ஏசியிருந்தால் சுகமா இருந்திருக்கும். ஏசினால் நானும் திருப்பி ஏசலாம்.

வந்து சுவரைத் தடவிப் பார்த்தார். குசினிக்குள்ள போய் நிண்டு, இதில ஒரு கல் ஆடுறது, இப்பவும் ஆடுதோ எண்டு கேட்டார். ஆடுது காக்கா எண்டன். பார், பன்ரண்டு வருசமா ஒருத்தரும் ஒரு கொத்துச் சீமெந்து வைக்கேல்லை, நானும் வைக்கேல்லை, நீயும் வைக்கேல்லை, ரெண்டு பேரும் ஒரே சாதிப் பஞ்சியாள் எண்டு சிரிச்சார். ஆன்சலாவுக்கு மஸ்கற் இனிப்புக் கொண்டு வந்தவர். புனிதமலர் தேத்தண்ணி குடுத்தா. அவா அழுதவா. ஏன் அழுதவா எண்டு நான் கேக்கேல்லை.

அவர் எங்களை எழும்பச் சொல்லேல்லை. அதைச் சொல்லத்தான் வேணும். அடுத்த வருசம் மார்கழியோட குடும்பமா வந்திடுவம், நீ அவசரப்படாதை, போக இடமில்லையெண்டால் கிணத்தடிப் பக்கம் ஒரு கொட்டில் போட்டுத் தாறன், இருக்கிற மட்டும் இரு எண்டார். நல்ல மனசோடதான் சொன்னவர். ஆனால் நான் கழுவிப் பூசின வீட்டை, கிணத்தடிக் கொட்டில்ல இருந்துகொண்டு தினம் பார்க்கவேணும். மற்றது, அவர் தன்ர வளவை வந்து கேட்டிட்டார். நான் என்ர வளவைப் போய்க் கேக்க ஏலாது. எங்கட பக்கக் கரை அடைச்சாச்சு. வவுனியாவில ஒருத்தரையும் தெரியாது. காட்டில வேலை இருந்தது, குடியிருக்க ஏலாது. அந்த வருசம் முழுக்க இரவில படுக்கேக்குள்ள ஒவ்வொரு பக்கமா நினைச்சுப் பார்ப்பன், எல்லாப் பக்கமும் போய் ஒரு இடத்தில நிக்கும். திரும்ப அந்த வீட்டுக்குத்தான் வரும்.

2003 ஆடிக் கடைசியில மனுசியோட வந்தவர். மனுசி பேர் முனவ்வறா. நான் ராத்தா எண்டு கூப்பிடுவன். வீட்டைத் திருத்தத் தொடங்கிறது எண்டு வந்தவை. முன்னறையில அவை, பின்னறையில நாங்கள். ராத்தாவும் புனிதமலரும் ஒரே குசினியில ரெண்டு அடுப்பு வைச்சுச் சமைச்சினம். சண்டை ஒண்டும் இல்லை. ராத்தா ஆன்சலாவுக்குத் தலை இழுத்து விடுவா. பார்க்கிறவைக்கு ஒரு குடும்பம் மாதிரித்தான் இருந்திருக்கும்.

முன்னுக்கு ரோட்டைப் பார்த்தபடி ஒரு புடவைக் கடை போடுறதுதான் அவற்ற எண்ணம். அதுக்கு மூண்டு மரமும் எடுபடவேணும். உழவு மெசின் வைச்சிருக்கிற கதிர்காமநாதனைக் கூட்டிக்கொண்டு வந்தவர், சங்கிலி போட்டு வேரோட இழுக்கலாமோ எண்டு. கதிர்காமநாதன் மரத்தை ஒரு சுத்துச் சுத்திப் பார்த்தான். உள்ளுக்குப் போகேல்லை. இழுக்கலாம் ஐயா, ஆனால் மிதிவெடி எடுக்கிற ஆக்கள் வந்து பார்த்துத் துண்டு தந்தால்தான் மெசினை இறக்குவன், போன மாசம்தான் டயர் மாத்தினனான் எண்டான். டயரைப் பற்றித்தான் கவலை உனக்கு எண்டு காக்கா பகிடி விட்டார். கால் ரெண்டும் கடவுள் தந்தது, டயர் லீசிங்கில எடுத்தது எண்டான் அவன். எல்லாரும் சிரிச்சம்.

அவன் போன பிறகு காக்கா என்னைக் கேட்டார்.

"தம்பி, இஞ்ச வெடி கிடி ஒண்டும் இல்லையே?"

"ஏழு வருசமா இருக்கிறம் காக்கா. ஆன்சலா இந்த முத்தத்திலதான் ஓடித் திரிஞ்சு வளந்தவள்."

இதில ஒரு சொல்லும் பொய் இல்லை. நீங்கள் திரும்ப வாசிச்சுப் பாருங்கோ. ஏழு வருசம் இருந்தது உண்மை. ஆன்சலா முத்தத்தில ஓடினது உண்மை. மரத்துக்குக் கீழ ஓடினவள் எண்டு நான் சொல்லேல்லை.

அப்பதான் நான் மரத்தைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினது. தறிக்கவேண்டாம் காக்கா எண்டன். கடையைக் கொஞ்சம் தள்ளிப் போடலாம், மாமர நிழல்ல கடை எண்டால் சனம் வந்து நிக்கும் எண்டன். வாப்பா வைச்ச மரம் எண்டு நீங்களே சொன்னனீங்கள், அதை மெசின் போட்டு இழுக்கிறதோ எண்டன். அந்தச் சொல்லில அவர் திரும்பி மரத்தைப் பார்த்தார். பிறகு, எனக்கும் மனசில்லைத்தான் எண்டார். அடிக்கொப்பை மட்டும் எடுத்தால் காணும், எங்கட கையாலயே செய்யலாம், ஒருத்தரையும் பார்த்துக்கொண்டு இருக்கத் தேவையில்லை எண்டன். அவருக்குச் சந்தோசம். என்ர தோள்ல கை போட்டவர்.

நான் சொன்னது எல்லாம் மரத்துக்கு நல்லது. அதில இப்பவும் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

நடு மரத்தின்ர கொப்பு ஓரத்தில ஒரு தடி நட்டு, அதில அடி கருகின உடைஞ்ச சட்டி ஒண்டு கவிழ்த்திருந்தது. சட்டியில சுண்ணாம்பால குரிசு கீறியிருந்தது. காக்கா அதை அண்டைக்குத்தான் வடிவாப் பார்த்தவர்.

"இதென்ன, என்ர வாப்பான்ர மரத்தையும் வேதத்தில சேத்துப்போட்டியோ?"

"கண்ணூறுக்கு வைக்கிறதுதானே காக்கா."

"வைச்சிரு, வைச்சிரு. மரத்துக்கு ஆர் காவல் நிண்டால் என்ன" எண்டார்.

தோட்டத்தில கண்ணூறுக்குச் சட்டி கவிழ்க்கிறது எல்லா இடமும் உள்ளது. புத்தளத்திலயும் இருக்கும். நாங்கள் வேதக்காரர், கிறிஸ்தவ ஆக்கள், அதால குரிசு போட்டிருக்கிறம் எண்டு அவர் எடுத்துக்கொண்டவர். பன்ரண்டு வருசம் இஞ்ச இருந்த ஒராள் அப்பிடி எடுத்துக்கொள்ள மாட்டார். இஞ்ச இருந்த ஆக்கள் காட்டுப்பக்கம் ஒரு தடியைக் கண்டால், அதில சீலைத் துண்டோ ரின்னோ சட்டியோ என்ன தொங்கினாலும் அந்த இடத்தில நிண்டு திரும்பிடுவினம். கதிர்காமநாதனும் அதைக் கண்டுதான் உள்ளுக்குப் போகேல்லை எண்டு நினைக்கிறன். அவன் சொல்லியிருக்கலாம். வீட்டுக்காரர் ரெண்டு பேரும் பக்கத்தில நிக்கேக்குள்ள தெரியாமலோ இருப்பினம் எண்டு நினைச்சிருப்பான்.

விசயம் இதுதான். நாங்கள் வர முன்னம் அந்த வீட்டில கொஞ்ச நாள் இயக்கப் பெடியள் இருந்தவங்கள். நாங்கள் வந்த பிறகு அவங்களில ஒருத்தன் வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினவன். நடு மரத்துக்குக் கீழ ரெண்டு மிதிவெடி கிடக்கு, ஒண்டு அடிமரத்துக்கு இடப்பக்கம் ஒரு முழத்தில, மற்றது பின்பக்கம். எடுக்க நேரமில்லை, ஆக்களை விடாதேங்கோ எண்டு சொல்லி ஒரு சிவப்புச் சீலைத் துண்டு கட்டிவிட்டவன். ரெண்டு மாரியில சீலை வெளிறிப் போச்சு. பிறகு நான்தான் சட்டி வைச்சனான். குரிசு புனிதமலர் கீறினது. ஒவ்வொரு வருசமும் தடி உக்கினால் மாத்துவன், சுண்ணாம்பு போனால் பூசுவன். ஆன்சலாவுக்கு முதல் சொல்லிக்குடுத்த பாடம் அந்தச் சட்டிதான்.

ஏன் சொல்லேல்லை எண்டு கேப்பியள். சொல்லியிருந்தால் மிதிவெடி எடுக்கிற ஆக்கள் வந்திருப்பினம். ரெண்டு கிழமையில துண்டு குடுத்திருப்பினம். மெசின் இறங்கியிருக்கும். மார்கழிக்கு அவை குடிவந்திருப்பினம், நாங்கள் கிணத்தடியில இருந்திருப்பம். நான் ஒரு பொய்யும் சொல்லாமல், ஒரு கல்லையும் அசைக்காமல், இருந்த இடத்தில இருக்கிறதுக்கு அந்த ஒரு வழிதான் இருந்தது. நான் ஒண்டும் வைக்கேல்லை. இருந்ததை இருக்க விட்டனான்.

அவர் சாகவேணும் எண்டு நான் நினைக்கேல்லை. இதை நீங்கள் நம்பவேணும். மிதிவெடியில ஆக்கள் சாகிறது குறைவு. ஒரு கால் போகும். இஞ்ச கால் இல்லாமல் எத்தினை பேர் சைக்கிள் ஓடுகினம், கடை வைச்சிருக்கினம். செயற்கைக் கால் செய்து குடுக்கவும் ஆக்கள் இருக்கினம். ஒரு கால் போனால் அவருக்கு இந்த இடம் வெறுத்துப் போகும், புத்தளத்தோட இருந்திடுவார் எண்டு நினைச்சன். அவருக்கு அங்க ஒரு சின்ன வீடு இருந்தது. எனக்கு ஒரு இடத்திலயும் ஒண்டும் இல்லை. அப்பிடி நிறுத்துப் பார்த்தால் ஒரு கால் பெரிய விசயமாத் தெரியேல்லை.

ஆவணியில ஒரு சனிக்கிழமை. காலமை புனிதமலரையும் ஆன்சலாவையும் கோயிலுக்குப் போகச் சொன்னனான். சனிக்கிழமையில கோயில்ல என்ன இருக்கு எண்டு புனிதமலர் கேட்டா. கூட்டித் துடைக்க ஆள் காணாதாம் எண்டன். சட்டிப் பக்கம் ஒருக்காப் பார்த்தவா. பிறகு பிள்ளையின்ர கையைப் பிடிச்சுக்கொண்டு போட்டா. ராத்தா கிணத்தடியில உடுப்புத் தோய்ச்சுக்கொண்டு இருந்தவா. கிணத்தடி தூரம். அதையும் பார்த்தனான்.

காக்கா சாரத்தை மடிச்சுக் கட்டிக்கொண்டு கைவாளோட வந்தார். முதல் வேலையா அந்தச் சட்டியைத் தடியில இருந்து ரெண்டு கையாலயும் தூக்கினார். உள்ளுக்குப் போய்வரேக்குள்ள கொப்பு பட்டு உடைஞ்சிடும், வேதச் சாமான், பத்திரமா வைச்சிட்டு வா எண்டு என்னட்டைத் தந்தார். பிள்ளையைத் தாற மாதிரித் தந்தவர். நான் வாங்கினன். வாங்கிக்கொண்டு குசினிக்குள்ள போய் அம்மிக்குப் பக்கத்தில வைச்சன். வைச்சுப்போட்டுத் தண்ணி குடிச்சன். கோப்பையைக் கழுவிக் கவிழ்த்தன். அந்த ஆடுற கல்லில நிண்டுகொண்டிருந்தன். வாள் இழுபடுற சத்தம் கேட்டது, நல்லாத்தான் இழுத்தவர். அரைவாசியில வெடிச்ச சத்தம் வந்தது.

பிறகு நடந்ததுக்கு எல்லாரும் என்னைப் புகழ்ந்தவை. சனம் கூடி ரோட்டில நிக்குது, ஒருத்தரும் கிட்ட வரேல்லை, இன்னும் எத்தினை கிடக்கோ எண்டு. நான் நேர உள்ளுக்குப் போய் அவரைத் தூக்கிக்கொண்டு வந்தனான். உயிரைப் பார்க்காமல் போனவன் எண்டு இப்பவும் சொல்லுவினம். எனக்குப் பயம் இருக்கேல்லை. மற்றது எங்க கிடக்கு எண்டு எனக்குத் தெரியும்தானே.

ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற வழியில மௌத்தாப் போனார். அவை ரெண்டு மூண்டு குடும்பம்தான் அப்ப திரும்பி வந்திருந்தது. அவை அடக்கம் செய்யிற மையவாடி பத்தையாக் கிடந்தது. நான்தான் கத்தி கொண்டுபோய் வெட்டி இடம் எடுத்துக் குடுத்தனான். மிதிவெடி எடுக்கிற ஆக்கள் வந்து மற்றதை எடுத்தவை. ஒராள் கொப்பியோட வந்து, ஏதாவது அடையாளம் கிடந்ததோ எண்டு கேட்டார். நான் இல்லை எண்டன். அந்த நேரம் கிடக்கேல்லைத்தானே. மெசின் கருவியெல்லாம் பிடிக்கிறதுக்காக அவையே மூண்டு மரத்திலயும் அடிக்கொப்பை எடுத்துவிட்டவை. மரம் இப்ப வடிவா நிக்குது.

பின்நேரம் புனிதமலர் சட்டி எங்க எண்டு கேட்டா. உடைஞ்சு போச்சு எண்டன். அது ஏற்கெனவே உடைஞ்ச சட்டிதானே எண்டா. அவ்வளவுதான். அண்டையில இருந்து அந்தக் கதை எங்கட வீட்டில இல்லை. அம்மிக்குப் பக்கத்தில அது இன்னும் கிடக்கு. அவா அதைச் சுத்தித்தான் கூட்டுவா. நானும் எடுக்கிறதில்லை, அவாவும் எடுக்கிறதில்லை.

ராத்தா புத்தளத்துக்குப் போகேக்குள்ள என்ர ரெண்டு கையையும் பிடிச்சவா. தம்பி, நீங்கள் இல்லையெண்டால் அவற்ற உடம்பும் எனக்குக் கிடைச்சிராது, இந்த வீட்டில நீங்களே இருங்கோ, வேற ஆரும் வந்து இருக்க விடாதேங்கோ எண்டு சொன்னவா. நான் ஓம் எண்டன். மாசம் ஒருக்கா ரெலிபோன் எடுப்பா. ரோட்டுக்கரைக் கடையில வந்து சொல்லுவினம், நான் ஓடுவன். வீடு எப்பிடி, மரம் எப்பிடி, பிள்ளை எப்பிடி எண்டு கேப்பா. வேற ஒண்டும் கேக்கமாட்டா. ஒரு மாசமும் தவறினதில்லை. போன வருசம் வவுனியாவில ஒரு ஆலையில வேலை கிடைச்சது, வீடும் தாறம் எண்டவை. நான் போகேல்லை. போனால் அவாவுக்கு என்னத்தைச் சொல்லுறது. அந்த வீட்டில இருக்கத்தான் எல்லாம் செய்தது, இப்ப எழும்ப ஏலாமல் இருக்கு.

பிறகு போன மார்கழியில கடல் வந்தது. எங்கட கரை முழுக்கப் போச்சு. என்ர தமையன் குடும்பத்தில ஆறு பேர். புனிதமலற்ற தாய். எங்கட பழைய வளவில இப்ப மண்தான், முள்ளுக்கம்பியும் இல்லை. காக்கா மார்கழிக்குக் குடிவந்திருந்தால் நான் கிணத்தடியில இருந்திருக்க மாட்டன், எப்பிடியாவது கரைக்குத்தான் போயிருப்பன், தமையன்ர கொட்டிலுக்குப் பக்கத்தில. அப்பிடியெண்டால் ஆன்சலா இண்டைக்கு உயிரோட இருந்திருக்க மாட்டாள். புனிதமலர் கடவுள் காப்பாத்தினவர் எண்டு மெழுகுதிரி கொளுத்திறா. நான் ஒண்டும் சொல்லுறதில்லை. ஆனால் என்ர பிள்ளையைக் காப்பாத்தினது ஆர் எண்டு எனக்குத் தெரியும். அதை நினைச்சால் நான் செய்தது முழுக்கப் பிழையெண்டு சொல்ல ஏலாமல் இருக்கு.

இதையெல்லாம் ஏன் உங்களுக்கு எழுதிறன் எண்டால், நீங்கள் வந்து நிண்டு கொப்பு வெட்டப் போறியள். முதல்ல மிதிவெடி எடுக்கிற ஆக்களுக்கு அறிவியுங்கோ. வளவில இருக்கிற ஆளைக் கேக்கவேண்டாம். கேட்டால் அவர் பொய் சொல்லுவார் எண்டு இல்லை. நானும் பொய் சொல்லேல்லை.

இன்னும் ஒண்டு கிடக்கு. அதை விட்டுப்போட்டு முடிக்கலாம் எண்டுதான் இருந்தனான்.

ஆஸ்பத்திரியில ஒரு தாதி என்னைக் கூப்பிட்டு, அவர் நிண்டவரோ இருந்தவரோ எண்டு கேட்டவா. நிண்டிருந்தால் கால்தான் போயிருக்கும், இது நெஞ்சும் கழுத்தும் எண்டா. எனக்குத் தெரியாது, நான் குசினிக்குள்ள நிண்டனான் எண்டு சொன்னன்.

அடிவெட்டை நிண்டுகொண்டு போட ஏலாது. முழங்காலைக் குத்தி, இடக்கையை நிலத்தில ஊண்டி, முகத்தைக் கொப்புக்குக் கீழ கொண்டுபோகவேணும். காக்காவுக்கு முழங்காலில வருத்தம். முதல்ல குனிஞ்சு நிண்டுதான் வெட்டப் பார்த்தவர். அது சரிவராது எண்டு, பின்வளவுப் பூவரசில ரெண்டு நாள் பக்கத்தில இருந்து நான்தான் பழக்கினனான். அந்தச் சனிக்கிழமை காலமை, முழங்கால் நோகாமல் இருக்கச் சாக்கு மடிச்சுக் குடுத்ததும் நான்தான்.